பட்டியலில் கடைசியாக எழுதிய சாமி

தம்பி,

போன வாரம் போனில் நீ சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தவன், நடுவில் குரலை இறக்கி, "அந்தச் சமயத்துல நீங்க மட்டும் தைரியம் சொல்லலேன்னா நான் என்ன ஆகியிருப்பேனோம்மா" என்றாய். நான் "சரி, சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். வைத்த கையோடு அடுப்படிக்குப் போய் நின்று சிரித்தேன். அழவில்லை. எனக்கு அழுகை அவ்வளவு சீக்கிரம் வராது என்பது உனக்குத் தெரியும். நன்றி சொல்லப் போயும் போயும் ஒரு ஆளைத் தேடிப்பிடித்தாயே, அதை நினைத்துத்தான் சிரித்தேன்.

இன்னும் பத்தொன்பது நாளில் உனக்குக் கல்யாணம். அதற்குள் இதை நீ தெரிந்துகொண்டாக வேண்டும். உன்னை விட்டுவிட்டு வேறொருத்தனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறாயே, அந்தப் பெண் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. அவளாகப் போகவும் இல்லை. நான் துரத்தினேன். கல்யாணம் ஆகிவிட்டது என்று உன்னிடம் சொன்னது பொய். சொன்னவள் நான். அவள் பெயரை இதில் எழுதப்போவதில்லை. ஒருமுறை கூட்டத்தில் எல்லாரும் பார்க்கக் காட்டிவிட்டேன், அது போதும்.

உடனே போனைத் தேடாதே. முழுக்கப் படி. பாதியில் கூப்பிட்டால் எடுக்கமாட்டேன்.

நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தாய், ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பூட்டு வேண்டும் என்று நாலு நாள் நச்சரித்தாய். கம்பம் கடைவீதியில் நானே வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவி இருந்தது. ஒன்றைத்தான் உன்னிடம் தந்தேன். நீ பள்ளிக்கூடம் போனபிறகு வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பேன். ஒரு நோட்டில், அம்மா அடிக்கிறாள், அப்பாவோடு திராட்சைத் தோட்டத்தில் இருக்கும்போதுதான் சந்தோஷமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தோட்டத்துக்குப் போகக் கூடாது என்றேன். "ஏம்மா?" என்று கேட்டாய். "கணக்குல மார்க்கு கொறைஞ்சிருச்சுல்ல" என்றேன். எண்பத்தாறு வாங்கியிருந்தாய். ஒரு வருடம் நீ தோட்டத்துப் பக்கம் போகவே இல்லை. இன்றுவரை அதற்குக் காரணம் மார்க்குதான் என்று நம்பிக்கொண்டிருக்கிறாய்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பிறகு நடந்தது ஏதோ ஒருநாள் கோபத்தில் நடந்தது என்று எனக்காக நீ வாதாடிவிடக் கூடாது. என் சுபாவமே அதுதான். ஒருத்தருக்குத் தெரியாமல் அவர் மனதைப் படிப்பது, படித்ததைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு, பாடம் சொல்லித்தருகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அவரை அடிப்பது. உன்னிடம் பழகியதை ஊரான் வீட்டுப் பிள்ளையிடம் செய்தேன். நீ யாரோடு குடும்பம் நடத்தினாலும் சரி, அவள் பெட்டிக்கு இரண்டாவது சாவி செய்து வைத்துக்கொள்ளாதே. என் ரத்தம் உன் உடம்பிலும் ஓடுகிறது, அதனால் சொல்கிறேன்.

நீ பெட்டிக்குப் பூட்டு போட்ட அந்த வருடத்தில்தான் எங்கள் கல்லூரிக்கு முதல் நாலு கம்ப்யூட்டர் வந்தது. கணக்கு வாத்தியாராக இருந்த நான் சனி ஞாயிறுகளில் மதுரைக்குப் போய் டிப்ளமோ படித்து அந்தப் பக்கம் மாறினேன். ஏழு வருடத்தில் துறைத்தலைவர். லேப் சாவிக்கொத்து என் இடுப்பில், சர்வர் பாஸ்வேர்ட் என் தலையில். நீ இன்ஜினியரிங் முடித்து, கையில் வேலை உத்தரவை வைத்துக்கொண்டு, வந்து சேரச் சொல்லும் தேதி வராமல் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, சும்மா இருப்பானேன் என்று நான்தான் உன்னை எங்கள் லேபில் தற்காலிக ஆளாகச் சேர்த்துவிட்டேன். எட்டு மாதம். அவள் அப்போது மூன்றாம் வருடம். எனக்கு அவளைப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வகுப்பில் வாயைத் திறந்து கேள்வி கேட்கிற மூன்று பேரில் அவள் ஒருத்தி. உங்கள் இருவரையும் ஒரே லேபில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் தெரிந்தவள் என்று நினைப்பு வேறு.

தை மாதம் நீ சென்னைக்கு வேலைக்குப் போனாய். போன இரண்டாம் வாரமே போன் செய்தாய். "அம்மா, நம்ம காலேஜ்ல எத்திக்கல் ஹேக்கிங் ஒர்க்‌ஷாப் ஒண்ணு வைங்கம்மா. மதுரைக்கு இங்கிட்டு எவனும் வச்சிருக்கமாட்டான். என் சிநேகிதன் ஒருத்தன் இருக்கான், அவன் வந்து நடத்திக் குடுப்பான்." இரண்டு பக்கத்துக்குத் திட்டம் போட்டு மெயிலில் அனுப்பினாய். காலையில் சட்டம் என்ன சொல்கிறது, எது குற்றம், எது இல்லை. மத்தியானம் பாஸ்வேர்ட் எவ்வளவு சுலபமாக உடையும் என்று நேரடியாகச் செய்து காட்டுவது. அடியில் உன் பெயர். அதை அப்படியே பன்னிரண்டு ஜெராக்ஸ் எடுத்து, உன் பெயருக்குக் கீழே பேனாவால் கோடு வேறு போட்டு, திட்டமிடும் கூட்டத்தில் எல்லாருக்கும் விநியோகித்தேன். பெருமைதான், வேறென்ன. அந்தத் தாள் பின்னால் என்ன வேலை செய்தது என்பதைச் சொல்கிறேன்.

அந்தக் கூட்டம் இருக்கிறதே, அதை நீ பார்த்திருக்க வேண்டும். முதல்வர் பேனர் வாசகத்தைப் பார்த்ததும் வேர்த்துவிட்டார். "ஹேக்கிங்னு பெருசாப் போட்டா போலீஸ் வந்து நிக்கப் போகுது மேடம். எத்திக்கலைப் பெருசாப் போட்டு, இதைச் சின்னதாப் போடுங்க" என்றார். எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர், தங்கமான மனிதர், அவருக்கு ஒரே சந்தேகம். "பூட்டைத் திறக்கச் சொல்லிக் குடுத்துட்டு, திருடாதடான்னா எவன் மேடம் கேப்பான்?" நான் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னேன். "திருடன் வர்றதுக்கு முன்னாடி நம்ம கதவை நம்மளே தள்ளிப் பாக்குறது சார் இது. ஆனா வீட்டுக்காரககிட்ட கேட்டுட்டுத்தான் தள்ளணும். கேக்காமத் தள்ளுனா தள்ளுனவனும் திருடன்தான்." எல்லாரும் தலையாட்டினார்கள். அதன்பிறகு ஒன்றரை மணி நேரம் எலுமிச்சைச் சாதமா தக்காளிச் சாதமா, கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு டீசல் யார் வாங்குவது, ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் எந்தப் பக்கம் உட்காருவது என்று போயிற்று. அந்தக் கண்காணிப்பாளர்தான் அவளுடைய தாய்மாமன். அவர் வீட்டில் தங்கித்தான் அவள் படித்தாள்.

உன் சிநேகிதன் ஒருநாள் முன்னாலேயே வந்துவிட்டான். ஒழுக்கமான பையன். லேபில் கணக்கு வைத்திருக்கிற நூற்றுநாற்பது பிள்ளைகளிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கச் சொன்னான். 'என் பாஸ்வேர்டைச் சோதித்துப் பார்க்கச் சம்மதிக்கிறேன். எத்தனை உடைந்தது என்ற எண்ணிக்கை மட்டுமே வெளியிடப்படும், பெயர் வெளியிடப்படாது.' வகுப்பு வகுப்பாகப் போய் நானே வாங்கி வந்தேன். அவளும் போட்டாள். போட்டுவிட்டு, "மேடம், நெசமாவே பேரு வராதுல்ல?" என்று கேட்டாள். "வராதும்மா" என்றேன். அந்த நிமிஷம் அது பொய்யில்லை. நான் சொன்னதில் கடைசி உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு அவன் ஒரு சிக்கலைச் சொன்னான். பாஸ்வேர்டை உடைக்கிற மென்பொருளுக்கு ஒரு சொற்பட்டியல் வேண்டும். அவன் கையில் இருந்தது வெளிநாட்டுப் பட்டியல். "நம்ம பக்கத்துப் பிள்ளைக என்ன வைக்கும்னு உங்களுக்குத்தான் மேடம் தெரியும். ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க" என்றான். எனக்கா தெரியாது? சினிமா நடிகர் பத்து, ஊர்ப்பெயர் இருபது. அதற்குப் பிறகு குலசாமி. நம் பள்ளத்தாக்கில் ரகசியமாக ஒரு வார்த்தை வை என்று யாரிடம் சொன்னாலும் கை தானாகக் குலசாமிக்குத்தான் போகும். மறக்காது, மறக்கவும் கூடாது, அதோடு சாமி பார்த்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. வருகைப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, இந்த ஊர், இந்த வீட்டு வகையறா, அப்படியென்றால் இந்தச் சாமி என்று மளமளவென்று எழுதினேன். யார் வீட்டுக்கு எந்தச் சாமி என்பது எனக்கு அத்துப்படி. அறுபது சாமி ஆயிற்று. கடைசியில் நம் ஊத்துப்பாறை வீரணன். அந்தச் சாமியைக் கும்பிடுகிறது மொத்தமே பதினான்கு வீடு, அத்தனையும் நம் பங்காளிகள். அதில் ஒரு பிள்ளைகூட அந்த வருடம் கல்லூரியில் இல்லை. விட்டால் சாமி கோவித்துக்கொள்ளும் என்று விளையாட்டாகச் சொல்லி, அதையும் எழுதினேன்.

அவன் ஓடவிட்டான். டீ குடித்து முடிப்பதற்குள் பாதிக்கு மேல் உடைந்துவிட்டது. "மேடம், உங்க ஊருக்கு ஹேக்கரே தேவையில்ல, பூசாரி ஒருத்தர் போதும்" என்றான். லேப் அட்டெண்டர் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அவன் திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போய், "அட, விளையாட்டுக்கு எழுதுன கடைசிச் சாமிக்கும் ஒண்ணு மாட்டியிருக்கு மேடம்" என்றான். ஆங்கில எழுத்தில் நம் வீரணன், அடுத்து பதினேழு. பக்கத்தில் அவள் பெயர், அவள் எண். பதினேழு நீ பிறந்த தேதி.

உனக்கே அப்போது தெரியாது என்று நினைக்கிறேன், அதனால் விளக்குகிறேன். கல்யாணம் ஆகாத பெண் பிறந்த வீட்டுச் சாமியைத்தான் கும்பிடுவாள். தாலி ஏறி, பொங்கல் வைத்து, விழுந்து கும்பிட்ட பிறகுதான் புருஷன் வீட்டுச் சாமி அவளுக்குச் சாமி. அவள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. யாருக்கும் தெரியாமல், யார் மனதையும் நோகடிக்காமல், தினமும் காலையில் லேபில் வந்து உட்கார்ந்து நம் வீட்டுச் சாமியை விரலால் கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்கியிருக்கிறாள். நல்லவளாக ஒருத்தி என் இடத்தில் இருந்திருந்தால் அங்கேயே கண் கலங்கியிருப்பாள். எனக்கு வந்தது ஆத்திரம். நம் ஆட்கள் இல்லை, நம் ஊர் இல்லை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் வீட்டுக்குள் வந்து விளக்கேற்றியிருக்கிறாளே என்ற ஆத்திரம். உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கத்தியிருக்கலாம். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது வீரபாண்டி தாண்டவில்லை, அதற்குள் முடிவு செய்துவிட்டேன். நான் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நாளைக்கு அவள் மாமன் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். திரை சொல்லிவிடும்.

மறுநாள் மத்தியானம் செய்முறைக்கு முன்னால் உன் சிநேகிதனிடம், மூன்று பேருடையதை மட்டும் பெயரோடு காட்டு என்றேன்.

"பேரைக் காட்டக் கூடாது மேடம். எழுதி வாங்கியிருக்கோம்ல."

"மூணே மூணு தம்பி. பேரோட பாத்தாத்தான் பிள்ளைகளுக்கு உறைக்கும்."

"அது தப்பு மேடம். அப்படிச் செய்யக் கூடாதுன்னு சொல்லத்தானே மேடம் இந்த ஒர்க்‌ஷாப்பே?"

"இது என் லேப், என் பிள்ளைக. நான் பொறுப்பு. நீங்க போடுங்க."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். இருபத்துநாலு வயசுப் பையன், அதற்கு மேல் என்ன செய்வான்? போட்டான். அதற்குப் பிறகு அவன் உன் போனைக்கூட எடுப்பதில்லை என்று வருத்தப்பட்டாயே, காரணம் இதுதான். உனக்கு ஒரு நல்ல சிநேகிதனும் என்னால் போனான்.

முதல் பெயர் ஒரு பையன், பாஸ்வேர்ட் ஒரு நடிகை. ஹாலே அதிர்ந்தது. இரண்டாவதும் பையன், அவன் குலசாமியும் பைக் நம்பரும். "சாமி கைவிட்டுருச்சேடா" என்று எவனோ கத்தினான், மறுபடி சிரிப்பு. மூன்றாவது வந்தது. சிரித்த வேகத்தில் ஒரு நொடி சிரித்தார்கள், பிறகு அடங்கிவிட்டது. அந்த ஹாலில் இருந்ததெல்லாம் நம் பக்கத்துப் பிள்ளைகள், யார் எந்தச் சாமி என்று தெரிந்தவர்கள். பின்னாலிருந்து ஒருத்தன், "ஏலே, இது நம்ம மேடம் வீட்டுச் சாமிடா" என்றான். அவள் திரையைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தாள். பேர் வராதுன்னு சொன்னீங்களே என்கிற பார்வை.

அவள் மாமா எழுந்து வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். என் காதருகே குனிந்து, "மேடம், பேரை மட்டும் கொஞ்சம் அழிச்சிருங்க மேடம்" என்றார். நான் மைக்கைக் கீழே இறக்காமல் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு நிமிஷம் சார், பிள்ளைக எல்லாம் நோட்ஸ் எடுத்துக்கட்டும்." அப்படியே நிறுத்தி வைத்தேன் தம்பி. ஒரு நிமிடத்துக்கும் மேலே இருக்கும். சில பிள்ளைகள் குனிந்து எழுதவும் செய்தார்கள். என் ஆயுசில் நான் செய்ததிலேயே கேவலமானது எது என்று கேட்டால் அந்த ஒரு நிமிடத்தைத்தான் சொல்வேன். பெயரைப் போட்டது ஆத்திரத்தில் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அந்த மனிதர் கெஞ்சிய பிறகும் நிறுத்தி வைத்ததற்கு என்ன பெயர்? எனக்கு அது நன்றாக இருந்தது. உள்ளே இனித்தது. அதையும் மறைக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானமே அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், உன்னோடு பேசிவிடாதபடி போனையும் பிடுங்கிக்கொண்டார்களாம். ஊரில் இரண்டு நாள், அதற்குப் பிறகு மலைக்கு மேலே வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் இருந்த ஒரு சொந்தக்காரர் வீடு. பரீட்சைக்கு ஒன்றரை மாதம் இருந்தது. அவள் ஹால் டிக்கெட் என் மேஜை இழுப்பறையில் கிடந்தது. அவள் கணக்கை நானே சர்வரிலிருந்து நீக்கினேன். பரீட்சை முடிந்த வாரம் நீ கூப்பிட்டு, சுற்றி வளைத்து, "எல்லாரும் எழுதுனாகளாம்மா?" என்று கேட்டாய். அதற்காகவே காத்திருந்தவள் மாதிரிச் சொன்னேன். "ஒருத்தி மட்டும் எழுதல. கல்யாணம் ஆகி மலைக்கு மேல வண்டன்மேட்டுக்குப் போயிட்டா. நல்ல இடமாம். சிரிச்சுக்கிட்டேதான் போனா." சிரித்துக்கொண்டே என்பது நானாகச் சேர்த்தது. அது இல்லாமலேயே பொய் நின்றிருக்கும்.

நீ ஒடிந்துபோனாய். வேலைக்குப் போகாமல் அறையில் கிடக்கிறாய் என்று கேள்விப்பட்டு, லீவு போட்டுவிட்டுச் சென்னைக்கு வந்து பத்து நாள் உனக்குச் சமைத்துப் போட்டேன். தலையைத் தடவிக்கொடுத்து, "போனா போறா, உன் அருமை தெரியாதவ" என்றேன். நீ என் மடியில் படுத்து அழுதாய். போன வாரம் நன்றி சொன்னாயே, அந்தப் பத்து நாளுக்குத்தானே?

போன வருடம் ஒருநாள் திராட்சைக்கு மருந்தடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்த உன் அப்பாவிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். "நம்ம பய வேற ஆளுகள்ல ஒரு பிள்ளையக் கட்டுறேன்னு வந்து நின்னிருந்தா என்ன செஞ்சிருப்பீக?" அவர் யோசிக்கக்கூட இல்லை. "என்ன செய்வேன்? ரெண்டு நாளு பேசாம இருந்திருப்பேன். மூணா நாளு பிள்ள வீட்டைப் பாக்கப் போயிருப்பேன். எவளா இருந்தா என்னடி, நம்ம பய நல்லா இருந்தாச் சரி" என்றார். சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். ஊர் தடுத்தது, ஆட்கள் தடுத்தார்கள் என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று. நான் ஒருத்திதான் குறுக்கே நின்றிருக்கிறேன்.

உன்னையும் விடப்போவதில்லை. நீ என்ன செய்தாய்? அலுவலகத்தில் ஒரு வரி நிரலை மூன்று தடவை சோதித்துப் பார்க்கிறவன், ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பற்றி அம்மா போனில் சொன்ன ஒற்றை வாக்கியத்தை அப்படியே நம்பினாய். கம்பத்திலிருந்து வண்டன்மேட்டுக்கு ஜீப் போகிறது, பஸ் போகிறது. ஏறிப் போய் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் என் பொய் அன்றைக்கே செத்திருக்கும். போகவில்லை. கைவிடப்பட்டவன் என்று உட்கார்ந்து அழுவது உனக்குச் சுலபமாக இருந்தது. என்னிடமிருந்து வந்த சோம்பேறித்தனம் இல்லை இது, உன் சொந்தம்.

இப்போது இதைக் கேள். ஓய்வு பெறும் தாள்களில் என் இனிஷியல் ஓரிடத்தில் மாறியிருக்கிறது என்று ஒரு பிரமாணப் பத்திரம் கேட்டார்கள். அதற்காகப் பத்து நாள் முன்னால் உத்தமபாளையம் கோர்ட்டு வாசலுக்குப் போனேன். வக்கீல் குமாஸ்தா, டைப்பிங் கடையில் அடித்து வாங்கி வாங்க என்றார். கம்ப்யூட்டர் முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து நின்றாள், என்னைப் பார்த்து. வகுப்பில் எழுந்து நிற்பாள் அல்லவா, அதே மாதிரி.

"வாங்க மேடம். நல்லா இருக்கீகளா?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் தலையைத் திருப்பி வலது காதை என் பக்கம் கொண்டுவந்தாள். "இன்னொரு தடவ சொல்லுங்க மேடம். இடது காது கேக்காது."

"என்னம்மா ஆச்சு?"

"அப்ப வீட்டுல அடிச்சது" என்றாள், பஸ் நேரம் சொல்கிற மாதிரி. ஒரு வருடம் தோட்டத்தில் இருந்தாளாம். யாரைக் காட்டினாலும் மாட்டேன் என்றே சொல்லி, கடைசியில் அவர்களுக்கே அலுத்துப்போய்க் கூட்டி வந்துவிட்டார்களாம். இப்போது இங்கே டைப் அடிக்கிற வேலை. விட்ட பரீட்சையை எழுதவேயில்லை. சொல்லிக்கொண்டே என் பத்திரத்தை அடித்தாள், ஒரு பிழை இல்லாமல்.

"அவுக எப்படி இருக்காக மேடம்?"

"நல்லா இருக்கான். வைகாசியில கல்யாணம்."

விரல் நிற்கவில்லை. அடித்து முடித்துத் தாளை எடுத்துக் கொடுத்தபிறகுதான் பேசினாள். "அவுகள நான் மன்னிச்சிட்டேன்னு மட்டும் சொல்லிருங்க மேடம். அன்னைக்குத் திட்டம் போட்டது அவுகதான்னு மாமா அந்தத் தாளைக் கொண்டாந்து காட்டுனாக. அவுக பேருக்குக் கீழ கோடெல்லாம் போட்டிருந்துச்சு. நான் என்ன பாஸ்வேர்ட் வச்சிருக்கேன்னு அவுகளுக்குத் தெரிஞ்சுதான் இப்படிச் செஞ்சாகளான்னு ரொம்ப நாளா ஓடிக்கிட்டே இருந்துச்சு. என்னத்துக்கு அப்படிச் செஞ்சாகன்னு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. சரி, விளையாட்டா செஞ்சிருப்பாகன்னு விட்டுட்டேன்."

அந்தக் கோடு நான் போட்டது, தம்பி. நீ அவளை விற்றுவிட்டாய் என்று அவள் இரண்டு வருடம் நினைத்திருக்கிறாள், அப்படி நினைத்துக்கொண்டும் உன்னை மன்னித்திருக்கிறாள். என் முன்னால் நின்று, என்னிடமே, என் குற்றத்துக்கு உன்னை மன்னிக்கிறாள். சொல்லிவிட மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்றாவது தடவை என் வாயிலிருந்து வந்தது, "இன்னொரு காப்பி எடுத்துக் குடும்மா." எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மூன்றாம் நாள் நீ போன் செய்து நன்றி சொன்னாய்.

உனக்கு நிச்சயித்திருக்கிற அல்லிநகரத்துப் பெண்ணுக்கு இதில் ஒரு தூசு சம்பந்தமும் இல்லை. நான் பார்த்து, நான் பேசி, நான் தட்டு மாற்றியது. நீ என்ன முடிவெடுத்தாலும் அவளிடம் நீயே போய், முகத்தைப் பார்த்து, முழுவதையும் சொல். போனில் சொல்லாதே, என்னை அனுப்பாதே. கூட்டத்தில் மூன்றாவது ஆள் வாயிலிருந்து அவளுக்குத் தெரிய வந்தால் நீ என் பிள்ளை என்பது உறுதியாகிவிடும். கல்யாணம் நின்றால் ஊர் என்ன பேசும் என்று எனக்காகப் பயப்படாதே. பேசட்டும். எனக்குப் பேச்சு வாங்க வேண்டியது நிறைய பாக்கி இருக்கிறது.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டால் நீ மன்னித்துத் தொலைப்பாய், எனக்குத் தெரியும். அந்தச் சுகம் எனக்கு வேண்டாம்.

நீ தெரிந்துகொண்டாக வேண்டும் என்று மேலே எழுதிவிட்டேன். திரும்பப் படித்தால் கூசுகிறது. யாருக்கு எது தெரியவேண்டும், எப்போது தெரியவேண்டும் என்று இப்போதும் நான்தான் முடிவு செய்துகொண்டிருக்கிறேன். இவ்வளவையும் கையால் எழுதியிருக்கிறேன். நாளைக் காலையில் இந்தத் தாள்களை உத்தமபாளையத்துக்கு எடுத்துப்போய் அவளிடம் கொடுத்து, டைப் அடிக்கச் சொல்லப்போகிறேன். நேருக்கு நேர் சொல்ல வாய் வராதவளுக்கு வேறு வழி தெரியவில்லை. வரிவரியாக அவளே படிக்கட்டும். அதுவும் கொடுமைதான். உன் விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டிய உறையைப் பக்கத்தில் வைத்துவிட்டு நிற்காமல் வந்துவிடுவேன். அடித்து உறையில் போட்டாலும் சரி, கிழித்துக் கூடையில் போட்டாலும் சரி, அவள் இஷ்டம். என்னிடம் வேறு காப்பி இல்லை. நீ இதைப் படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால், அனுப்பியது நானில்லை, அவள்.